ஏவுதளத்தின் அடியில் ஒரு மணல் தீவு

பழவேற்காடு ஏரியில் பெரும்பாலான இடங்களில் இறங்கி நின்றால் தண்ணீர் இடுப்பைத் தாண்டாது. கோடை முற்றினால் வடக்குப் பகுதி வற்றிப்போய், உப்புப் பூத்த சேற்றுவெளியாகக் கிடக்கும். ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இதுதான். இவ்வளவு ஆழமில்லாத நீர்ப்பரப்புக்குப் பக்கத்திலேயே வங்காள விரிகுடா இரைந்துகொண்டிருக்கிறது. ஐப்பசி, கார்த்திகைப் புயல்களில் கரையைப் பிய்த்தெறியும் அந்தக் கடல் இந்த ஏரியை ஏன் இத்தனை காலமாக விட்டுவைத்திருக்கிறது? இரண்டுக்கும் நடுவில் ஒரு மணல்மேடு படுத்திருக்கிறது என்பதுதான் காரணம். வடக்கு தெற்காக நீண்டு, இடையில் பருத்து, இருமுனையும் கூம்பி, நூல் சுற்றிய கதிரைப்போல் இருக்கும் அந்த மேட்டுக்குப் பெயர் ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட் புறப்படும் இடமாக நாடே அறிந்த பெயர். ஆனால் ராக்கெட்டுக்குப் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பிருந்தே அந்தத் தீவு வேறொரு வேலை பார்த்துவருகிறது. கடலை வெளியே நிறுத்தி, ஏரியை உள்ளே வைத்திருக்கும் வேலை. புவியியலில் இத்தகைய தீவுகளைத் தடுப்புத் தீவுகள் என்கிறார்கள். தீவு, ஏரி, ஏரிக்கும் கடலுக்கும் இடையே திறந்து மூடும் முகத்துவாரம், ஏரியில் வந்து விழும் ஆறுகள் ஆகிய நான்கும் சேர்ந்து ஓர் உடல். ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக நாம் அந்த உடலில் ஒரு பாகத்தை மட்டும் வேலி போட்டுக் காத்திருக்கிறோம். மற்ற பாகங்கள் மெலிந்துவருவதைப் பார்த்தால், காத்த பாகமும் நிலைக்குமா என்ற கேள்வி எழுகிறது.

இந்தத் தீவுக்குப் பாறை அடித்தளம் வெளியே எங்கும் தெரியாது. இது மணலால் ஆனது. சுமார் ஆறாயிரம் ஆண்டுகளுக்கு முன் கடல் இன்றைய கரையைவிட உள்ளே வந்திருந்தது. பின்னர் மெல்லப் பின்வாங்கியது. அப்படிப் பின்வாங்கும்போது அலைகள் கொண்டுவந்து சேர்த்த மணல், கரைக்கு இணையாக வரப்பு வரப்பாகப் படிந்தது. தீவின் குறுக்கே போனால் இன்றும் மேடும் பள்ளமும் மாறி மாறி வருவது அதனால்தான். ஒவ்வொரு மேடும் ஒரு காலத்தில் கடற்கரையாக இருந்தது. அலை குவித்துவிட்டுப் போன மணலை நிலமாக மாற்றியவை செடிகள். கடலோரத்தில் முதலில் காலூன்றுவது அடம்பும் இராவணன் மீசையும். அடம்பங்கொடி மணலோடு மணலாகப் படர்ந்து, கணுவுக்குக் கணு வேர்விட்டு, ஆட்டின் குளம்பைப்போல் பிளந்த இலையை விரிக்கும். இராவணன் மீசை ஒரு புல். கையில் எடுத்தால் குத்தும். அதன் பெண் பூங்கொத்து முற்றியதும், நாலாபக்கமும் ஊசி நீட்டிய உருண்டையாகக் கழன்று, காற்றில் உருண்டு கரையோரமாக ஓடும். ஈர மணலில் எங்கே சிக்குகிறதோ அங்கே விதை இறங்கும். அதன் தூரில் காற்று மோதி வேகம் குறைய, சுமந்துவந்த மணலைக் கீழே போட்டுவிடும். மணல் ஏறினால் புல்லும் ஏறும். இப்படித்தான் சாண் சாணாக மணற்குன்று வளர்கிறது. அந்தக் குன்று வளர்ந்தால்தான் அதன் முதுகுக்குப் பின்னால் மரம் முளைக்க முடியும்.

மரத்துக்கு நல்ல தண்ணீர் வேண்டும். ஒருபுறம் கடல், மறுபுறம் உவர்நீர் ஏரி. நடுவில் கிடக்கும் மணலில் குடிதண்ணீர் எப்படி வரும் என்று தோன்றலாம். மழைநீர் உப்புநீரைவிட எடை குறைந்தது. மணலுக்குள் இறங்கிய மழை, அடியில் இருக்கும் உப்புநீரோடு எளிதில் கலந்துவிடாமல் அதன்மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் நல்ல நீர் ஒரு மீட்டர் நின்றால், மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ நாற்பது மீட்டர் வரை நல்ல நீர் நிற்கும் என்பது நிலத்தடி நீரியலில் பழைய கணக்கு. கடற்கரைக் குப்பங்களில் மணலைக் கையால் தோண்டி ஊற்றுநீர் மொண்டு குடிப்பது இந்தக் கணக்கின் பலன்தான். ஆனால் அது கடன் வாங்கிச் செலவழிக்கக்கூடிய நீர் அல்ல. மேலே ஒரு மீட்டர் இறைத்தால் கீழே நாற்பது மீட்டர் உப்பு ஏறும். மணற்குன்றை வெட்டினாலும் அதே கதிதான்.

இந்த நீரை நம்பி வளர்ந்திருக்கும் காட்டைத் தாவரவியலாளர்கள் வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு என்கிறார்கள். பெயரிலேயே ஒரு முரண் தெரிகிறது. ஆண்டில் பாதிக்கு மேல் வறட்சி. பெரும்பகுதி மழை வடகிழக்குப் பருவத்தின் சில வாரங்களில் கொட்டித் தீர்ந்துவிடும். ஆனாலும் மரங்கள் இலை உதிர்ப்பதில்லை. பாலை, வீரை, காயா, இரும்புளி, நாவல் என்று மரங்கள் அதிக உயரம் போகாமல், தடித்த கரும்பச்சை இலைகளோடு நெருக்கியடித்து நிற்கும். பள்ளங்களில் நீர் தேங்கும் இடங்களில் பிரம்பும் உண்டு. கிழக்குக் கடற்கரையில் ஒரு காலத்தில் நீண்ட பட்டையாக இருந்த காடு இது. தமிழ்நாட்டுப் பக்கம் இன்று எஞ்சியவை கோடியக்கரை, கிண்டி, ஊர்ப்புறத்துக் கோயில் காடுகள் போன்ற சில துண்டுகளே. ஒரு கோயில் காடு என்றால் பெரும்பாலும் சில ஏக்கர்தான். ஸ்ரீஹரிகோட்டா சுமார் 175 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள தீவு. அதில் சவுக்கும் தைலமரமும் நட்ட இடங்களைக் கழித்தாலும், இந்த வகைக் காடு இவ்வளவு பெரிய ஒரே பரப்பில் பிழைத்திருக்கும் இடங்கள் மிகக் குறைவு. தேவாங்கும் புள்ளிமானும் நரியும் அங்கே இன்னும் வாழ்கின்றன.

இந்தக் காட்டை மனிதக் கால் படாத காடு என்று எண்ணுவது வழக்கம். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. ஏரியின் தென்முனையில் பழவேற்காடு, வடமுனையை ஒட்டிய கடற்கரையில் துர்க்கராஜுபட்டினம் என இரண்டு துறைகள், பதினேழாம் நூற்றாண்டில் ஐரோப்பிய வணிகம் முட்டி மோதிய இடங்கள். பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 1613இல் கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். 1690இல் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைமையிடம் அதுவே. அங்கே வெடிமருந்து தயாரித்தார்கள். துணி வாங்கித் தென்கிழக்காசியாவுக்கு அனுப்பினார்கள். அடிமைகளாக மனிதர்களையும் கப்பலேற்றினார்கள். ஆங்கிலேயர்கள் துர்க்கராஜுபட்டினத்தை ஆர்மகான் என்று அழைத்து 1626இல் அங்கே பண்டகசாலை வைத்தார்கள். அங்கிருந்த பிரான்சிஸ் டே வணிகத்துக்கு நல்ல இடம் தேடித் தெற்கே வந்து 1639இல் பெற்ற இடம்தான் மதராசப்பட்டினம். சென்னையின் முன்கதை ஒரு வகையில் இந்த ஏரிக்கரையில் தொடங்குகிறது.

டச்சுக்காரர்கள் இங்கே வாங்கிய துணிகளின் சிவப்புக்குக் காரணம் சாயவேர். இம்பூரல் என்றும் சொல்லப்படும் ஒரு சிறு செடியின் வேர் அது. கடலோர மணலில் தானாக முளைக்கும். மெல்லிய அந்த வேரை அறுபடாமல் மணலிலிருந்து பிடுங்கி எடுப்பது பொறுமையும் பழக்கமும் வேண்டிய வேலை. ஸ்ரீஹரிகோட்டாவில் அந்த வேலையைச் செய்தவர்கள் யானாதி மக்கள். தேன், மெழுகு, மூலிகை, காட்டுக்கிழங்கு என்று தீவின் ஒவ்வொரு மூலையும் அறிந்தவர்கள். 1835இல் கம்பெனி அரசு தீவைத் தன் நேரடிப் பொறுப்பில் எடுத்துக்கொண்டபோது, இந்த மக்களின் அறிவையும் உழைப்பையும் சேர்த்தேதான் எடுத்துக்கொண்டது. காட்டுப் பொருள்களைச் சேகரித்துத் தந்தவர்கள் அவர்களே. பின்னர் சாயவேரின் மதிப்பு விழுந்தது. விறகின் மதிப்பு ஏறியது. வளர்ந்துவந்த சென்னை நகரத்தின் அடுப்புகளுக்கு இந்தத் தீவிலிருந்து விறகு போயிற்று. 1806இல் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே வெட்டத் தொடங்கிய கால்வாய், பின்னாளில் பக்கிங்காம் கால்வாய் என்று பெயர்பெற்று ஆந்திரக் கரை நெடுக நீண்டது. விறகு ஏற்றிய படகுகள் இந்த ஏரி வழியாக அந்தக் கால்வாயில் தெற்கே வந்தன. சென்னைச் சமையலறைகளின் புகையில் ஸ்ரீஹரிகோட்டாக் காடு எரிந்திருக்கிறது. தொடர்ந்து விறகு கிடைக்க வேண்டும் என்பதற்காகவே காடு முறை வைத்து வெட்டப்பட்டது, காப்புக்காடாகவும் ஆனது. இன்று நாம் காணும் காடு, வெட்டியும் தழைத்தும் வந்த காடு. யானாதியர் வாழ்ந்தும் அழியாத காடு என்பதையும் இதோடு சேர்த்து நினைவில் வைக்க வேண்டும்.

விண்வெளி இந்தத் தீவைத் தேடி வந்தது 1960களின் இறுதியில். காரணங்கள் அனைத்தும் புவியியல் சார்ந்தவை. பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்கிறது. கிழக்கு நோக்கி ஏவினால் அந்த வேகம் ராக்கெட்டுக்கு இலவசமாகக் கிடைக்கும். ஸ்ரீஹரிகோட்டா இருக்கும் அட்சரேகையில் அது விநாடிக்குச் சுமார் 450 மீட்டர். எரிந்து தீர்ந்த பாகங்கள் விழுவதற்குக் கிழக்கே திறந்த கடல் வேண்டும், அதுவும் இருக்கிறது. விபத்து நேர்ந்தால் ஊர்கள் தப்ப வேண்டும். அதற்கு மேற்கே அகன்ற ஏரி இருக்கிறது. ஆக, ஏவுதளத்துக்குக் கிடைத்த பாதுகாப்பில் பாதி ஏரி கொடுத்தது. 1971 அக்டோபர் 9ஆம் தேதி ரோகிணி வகையைச் சேர்ந்த ஒரு சிறு ராக்கெட் அங்கிருந்து முதன்முதலாகக் கிளம்பியது. 1979 ஆகஸ்டில் எஸ்எல்வி-3 தோற்றது; 1980 ஜூலை 18இல் வென்றது. சந்திரயானும் மங்கள்யானும் புறப்பட்டது இந்த மணலிலிருந்துதான். திட எரிபொருள் தயாரிக்கும் ஆலையும் தீவிலேயே உண்டு. டச்சுக்காரர்கள் வெடிமருந்து அரைத்த ஏரிக்கரையில், மூன்றரை நூற்றாண்டுக்குப் பிறகு வேறொரு மருந்து, வேறொரு நோக்கத்துக்கு வார்க்கப்படுகிறது. அந்தச் சாதனையில் எனக்கும் பெருமை உண்டு. இங்கே நான் எழுப்பும் கேள்வி அந்தப் பெருமையைக் குறைப்பதற்கானது அல்ல.

‘விண்வெளி மையம் வந்ததால்தானே அந்தக் காடு பிழைத்தது?’ என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. தெற்கே எண்ணூர் பக்கம் என்ன நடந்தது என்பதை எவரும் போய்ப் பார்க்கலாம். கொசஸ்தலையாற்றின் கழிமுகத்தை ஒட்டி அனல்மின் நிலையங்கள், சாம்பல் குட்டைகள், துறைமுகங்கள். அங்கும் கடலுக்கும் கழிமுகத்துக்கும் நடுவே காட்டுப்பள்ளி என்ற மணல் தீவு இருக்கிறது. அதன் மணலும் மரமும் பட்டபாட்டை அந்த ஊர் மீனவர்கள் அறிவார்கள். வேலி மட்டும் இல்லாமல் போயிருந்தால் ஸ்ரீஹரிகோட்டாவில் இன்று உல்லாச விடுதிகளும் இறால் பண்ணைகளும் நிறைந்திருக்கும். ஆகவே வேலி காட்டைக் காத்தது உண்மை, மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த வாதத்தில் ஒரு கண்ணி விடுபட்டிருக்கிறது. காடு நிற்பது மணல்மேல். மணல் நிற்பது கடலுக்கும் ஏரிக்கும் இடையே நடக்கும் கொடுக்கல் வாங்கலின்மேல். வேலி தடுப்பது ஆளையும் கோடரியையும். மணலும் தண்ணீரும் நகர்வதை வேலியால் ஒன்றும் செய்ய முடியாது. அவை சரியாக நகர்கின்றனவா என்பதை அறிய ஏரியைப் பார்க்க வேண்டும்.

ஏரியைப் பார்க்க ஓர் இறாலைப் பின்தொடர்ந்தால் போதும். வெள்ளை இறால் கடலில்தான் முட்டையிடும். பொரித்த குஞ்சு, கண்ணுக்குச் சரியாகத் தெரியாத நூலிழை போன்ற உயிர், ஓதம் ஏறும் நேரத்தில் முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் வருகிறது. ஆழமில்லாத, வெதுவெதுப்பான, சேறும் பாசியும் மண்டிய நீர் அதற்குத் தொட்டில். பெரிய மீன்கள் அங்கே அதிகம் வராது. தின்ன ஏராளம் உண்டு. சில மாதங்களில் வளர்ந்து திரும்பவும் அதே வாசல் வழியாகக் கடலுக்குப் போய் முட்டையிடுகிறது. போகும் வழியில்தான் வலை காத்திருக்கிறது. மடவையும் நண்டும் இன்னும் பல மீன்களும் இதே வாசலை நம்பியவை. கடலில் பிடிபடும் இறாலின் கணிசமான பங்கு ஏதோவோர் ஏரியில், ஏதோவொரு கழிமுகத்தில் வளர்ந்தது என்பதை நாம் மீன் சந்தையில் நினைப்பதில்லை. அந்த வாசல் அடைபட்டால் குஞ்சு உள்ளே வராது. மழைநீரும் வெளியே போகாது. கோடையில் ஏரி நீர் கடல்நீரைவிட உப்பாகிவிடும். வலசை வரும் பூநாரைகள் சேற்றில் அலகைக் கவிழ்த்து வடிகட்டித் தின்னும் நுண்ணுயிர்களும், அருகில் நேலப்பட்டில் கூடுகட்டும் கூழைக்கடாக்கள் குஞ்சுகளுக்குக் கொண்டுபோகும் மீன்களும் இந்த உப்புக் கணக்குக்குக் கட்டுப்பட்டவை. ஆந்திரப் பகுதி 1976இலும் தமிழ்நாட்டுப் பகுதி 1980இலும் பறவைகள் சரணாலயம் ஆயின. சரணாலயம் என்று அறிவிப்பதால் உப்பின் அளவு மாறிவிடாது.

ஏரிக்கு வாசல்கள் மூன்று: தெற்கே பழவேற்காடு, வடக்கே ராயதொருவும் தூப்பிலிப்பாளையமும். வடக்கு வாசல்கள் இரண்டும் மணல் மேவித் தூர்ந்து, பெரும்பாலான காலம் மூடியே கிடக்கின்றன. இதோடு ஏரியின் நடுவே சூலூர்பேட்டையிலிருந்து தீவுக்குப் போகும் சாலை இருக்கிறது. ஏவுதளத்துக்கு ஆள்களையும் பொருள்களையும் கொண்டுசெல்வதற்காக ஏரியில் மண் கொட்டி எழுப்பிய கரைமீது போகும் சாலை அது. கீழே நீர் போகச் சில இடங்களில் மதகுகள் உண்டு. ஆனால் இவ்வளவு ஆழமற்ற ஏரியில் நீர் ஓடுவது ஆற்றில்போல் ஒரே தடத்தில் அல்ல; காற்றும் ஓதமும் தள்ள, பரப்பு முழுவதுமாக மெல்லச் சாய்கிற ஓட்டம் அது. கரை அந்த ஓட்டத்தை இரண்டாகப் பிரித்துவிட்டது. தெற்கு வாசலில் ஏறும் ஓதத்தின் உயிர் வடபகுதிக்குப் போய்ச் சேர்வதில்லை. வடக்கின் சொந்த வாசல்களும் அடைபட்டிருப்பதால் அந்தப் பகுதி ஆண்டின் பல மாதங்கள் காய்கிறது. ஏரியின் பெரும்பரப்பு ஆந்திரத்தில் இருக்க, பிழைப்புக்கு உதவும் நீர் பெரும்பாலும் தமிழ்நாட்டுப் பக்கம் தேங்கியிருக்கிறது. இரு மாநில மீனவர்களுக்கும் நடுவே எல்லைத் தகராறு அவ்வப்போது மூள்வதற்கு இதுவும் ஒரு முக்கியக் காரணம்.

‘சாலை இல்லாமல் ஏவுதளம் எப்படி?’ என்று கேட்கலாம். சாலை வேண்டும்தான். பாலமாகக் கட்டியிருக்க வேண்டிய நீளத்தை மண்கரையாகக் கட்டியதுதான் பிழை. ஏரியின்மேல் தூண்களில் நிற்கும் சாலை செலவு மிக்கது. 1970களின் இந்தியாவுக்கு அது எட்டாதது என்பதை ஏற்றுக்கொள்கிறேன். இன்று அப்படியல்ல. நிலவுக்குக் கலம் அனுப்பும் கைகளுக்கு, ஒரு மண்கரையின் சில பகுதிகளை உடைத்து அகலமான நீர்வழிகளைத் திறப்பது பெரிய காரியமாக இருக்காது. வாசல்கள் தூர்வது இயற்கைதானே, அதில் கைவைப்பது வீண்செலவு என்பாரும் உண்டு. இதில் பாதி உண்மை இருக்கிறது. கோடையில் வாசல் மணல் மூடுவதும், ஐப்பசி மழையில் ஆறுகள் ஏரியை நிரப்ப, அந்த வேகத்தில் வாசல் தானே உடைந்து திறப்பதும் பழைய நடைமுறை. ஆனால் உடைப்பதற்கு வேகம் எங்கிருந்து வரும்? ஆரணியாறும் காளங்கியும் கொண்டுவரும் வெள்ளத்திலிருந்துதான். ஆறுகளின் நீரை மேலே அணைகளிலும் ஏரிகளிலும் நிறுத்திக்கொண்டு, நடுவில் கரை போட்டு ஓட்டத்தை மறித்துவிட்டு, பிறகு வாசல் மூடிக்கொண்டதை இயற்கையின் பெயரில் எழுதுவது நேர்மையல்ல. தூர்வாரினால் அடுத்த பருவத்தில் மணல் திரும்ப வந்துவிடுகிறது என்பதால், பழவேற்காடு முகத்துவாரத்தில் இருபுறமும் கருங்கல் சுவர் எழுப்பி வாசலை நிலைநிறுத்தும் பணியைத் தமிழ்நாட்டு அரசு மேற்கொண்டது. மீனவர்கள் நெடுங்காலம் கேட்டுவந்தது அது. அவர்களுக்குப் பலன் கிடைக்கட்டும். ஆனால் கல்சுவருக்கு வடக்கே மணலுக்கு என்ன ஆகிறது என்பதையும் ஒவ்வோர் ஆண்டும் அளந்துபார்க்க வேண்டும்.

வாசலின் மதிப்பை அதிகாரிகளுக்கு முன்பே அறிந்தவர்கள் ஏரியோர மக்கள். பழவேற்காட்டில் பட்டினவர் மீனவர்களிடையே பாடு என்ற முறை இருக்கிறது. முகத்துவாரத்தை ஒட்டி இறால் அதிகம் படும் இடங்களில் யார் எந்த நாளில் சுத்துவலை கட்டுவது என்பதை ஊர் கூடி முறைவைத்துப் பிரித்துக்கொள்வார்கள். இன்று நல்ல இடம் கிடைத்தவருக்கு அடுத்த முறை வேறு இடம். எவ்வளவு வலை, எத்தனை தலைக்கட்டு என்பதற்கெல்லாம் கணக்குண்டு. இந்த முறையில் இடம்பெறாத சாதிகளுக்கு நல்ல பங்கு கிடைப்பதில்லை என்ற குறை நியாயமானது. அதை மறைக்க வேண்டியதில்லை. இருந்தாலும், பொதுவான நீரை ஒருவர் சுரண்டித் தீர்த்துவிடாமல் இருக்க ஊரே கட்டிய ஏற்பாடு அது. வலையே இல்லாத இருளர்கள் இன்னொரு விதத்தில் ஏரியை அறிந்தவர்கள். பெண்கள் கழுத்தளவு நீரில் உட்கார்ந்தபடி நகர்ந்து, சேற்றைக் கைகளால் துழாவி, விரலில் இறால் துள்ளும் கணத்தில் பிடித்து, பல்லில் கடித்துத் தொங்கவிட்ட ஓலைப் பறிக்குள் போடுவார்கள். நீர் எங்கே கலங்கியிருக்கிறது, சேறு எங்கே நாறத் தொடங்கியிருக்கிறது என்பதை முதலில் உணர்வது அந்த விரல்கள். எந்தக் கண்காணிப்புக் குழுவிலாவது அவர்களுக்கு இடம் உண்டா?

தீவுக்குள் இருந்த யானாதியரின் கதை இதைவிடக் கடினமானது. ஏவுதளத்துக்காகத் தீவு கையகப்படுத்தப்பட்டபோது அங்கிருந்த ஊர்கள் காலி செய்யப்பட்டன. யானாதிக் குடும்பங்கள் பலவும் ஏரிக்கு மேற்கே கொண்டுபோய்க் குடியமர்த்தப்பட்டன. ஊர்க்காரர்கள் விட்டுப்போன மாடுகள் காட்டுக்குள் போய்ப் பெருகி, இன்று மனிதரைக் கண்டால் மிரளும் காட்டுமாடுகளாகத் திரிகின்றன. வேலை கிடைத்ததே, பிள்ளைகள் படித்தார்களே என்பது இதற்கு வழக்கமான பதில். மையத்தில் கூலிவேலை கிடைத்தவர்கள் உண்டு. பள்ளியும் மருத்துவமும் எட்டியவர்கள் உண்டு. அதை நான் சிறிதாக எண்ணவில்லை. ஆனால் கிழங்கும் தேனும் ஏரி மீனும் சேர்ந்த ஒரு வாழ்வை எடுத்துக்கொண்டு தினக்கூலியைக் கொடுப்பது சரிக்குச் சரியான மாற்று ஆகாது. அதோடு ஓர் இழப்பு நாட்டுக்கும் நேர்ந்தது. எந்தப் பள்ளத்தில் எந்தக் கோடைவரை நீர் நிற்கும், எந்த மேட்டில் சாயவேர் பிடிக்கும், எந்த மரம் எப்போது பூக்கும் என்ற நுணுக்கமெல்லாம் அந்தக் குடும்பங்களோடு தீவைவிட்டு வெளியேறியது. காட்டின் செடிகளுக்குத் தாவரவியலாளர்கள் பட்டியல் போட்டார்கள். அந்தச் செடிகளோடு வாழத் தெரிந்தவர்கள், நுழைவுச் சீட்டு இல்லாமல் அங்கே காலடி வைக்க முடியாதவர்களாகிவிட்டார்கள். குறிப்பிட்ட நாள்களில், குறிப்பிட்ட பகுதிகளில் யானாதியர் காட்டுப்பொருள் சேகரிக்க வரலாம் என்று ஒரு முறை வகுப்பதால் ராக்கெட்டுக்கு எந்த ஆபத்தும் வந்துவிடாது. பாதுகாப்பு வளையத்துக்கு வெளியேயும் அந்தத் தீவில் காடு இருக்கிறது.

கடைசியாக மணலுக்கு வருவோம். இந்தக் கரையில் மணல் நிற்பதில்லை, நடக்கிறது. தென்மேற்குப் பருவம் அதை வடக்கே தள்ளும்; வடகிழக்குப் பருவத்தில் அலை திசை மாறித் தெற்கே தள்ளும்; ஆண்டுக் கணக்கில் மிஞ்சுவது வடக்கு நோக்கிய நடை. 1876இல் சென்னைத் துறைமுகச் சுவர்கள் எழத் தொடங்கியபோது இந்த நடை மறிக்கப்பட்டது. தெற்கே மணல் குவிந்து மெரினா அகன்றது; வடக்கே ராயபுரமும் திருவொற்றியூரும் அரிக்கப்பட்டன. பிறகு எண்ணூரிலும் காட்டுப்பள்ளியிலும் துறைமுகச் சுவர்கள் வந்தன. ஒவ்வொரு சுவரும் தனக்கு வடக்கே உள்ள கரையிடமிருந்து மணலைக் கடனாக எடுத்துக்கொள்கிறது. திருவொற்றியூரில் கல்லைக் கொட்டினார்கள், தூண்டில் வளைவுகள் கட்டினார்கள். அரிப்பு அதற்கடுத்த குப்பத்துக்கு நகர்ந்தது. இந்த வரிசையின் வடக்கே இருப்பது பழவேற்காடு, அதற்கும் வடக்கே ஸ்ரீஹரிகோட்டா. அண்மை ஆண்டுகளில் தீவின் கடலோரமும் அரிக்கப்பட்டுவருவது விண்வெளி மையத்துக்கே கவலையாகியிருக்கிறது. மணல் தீவு அசைவதே இயல்பு என்றும், ஒருபக்கம் தேய்ந்தால் மறுபக்கம் வளரும் என்றும் ஆறுதல் சொல்லலாம். தனியே விடப்பட்ட தடுப்புத் தீவுக்கு அது பொருந்தும்: புயலலை முகட்டைத் தாண்டி மணலை ஏரிப்பக்கம் வீசும், தீவு மெல்லப் பின்னுக்கு நகர்ந்து, ஏரியின்மேல் சாய்ந்து, உயிரோடு இருக்கும். ஏவுமேடை அப்படி நகராது. மேடையைக் காக்கக் கல்லடுக்கினால் கல்லுக்கு வடக்கே உள்ள கரை தேயும்; அங்கே இருப்பது அந்தக் காடு.

1984 நவம்பரில் ஒரு கடும்புயல் ஸ்ரீஹரிகோட்டாவை ஒட்டித்தான் கரையேறியது. அப்படியொன்று மீண்டும் வரும்போது, அலையின் முதல் அடியை வாங்கப்போவது கடலோர மணற்குன்றுகள். மிச்சத்தை ஏரி விரிந்து வாங்கிக்கொள்ளும். குன்று உயரமாக இருக்க இராவணன் மீசைக்கு மணல் வேண்டும். அந்த மணல் தெற்கேயிருந்து நடந்து வரவேண்டும். ஏரி விரிந்து வாங்க, மண்கரைக்கு இருபுறமும் நீர் தாராளமாகப் போய்வர வேண்டும். ஏறிய நீர் இறங்க மூன்று வாசலும் திறந்திருக்க வேண்டும். இந்தக் கணக்கில் எதுவும் மையத்தின் வேலிக்குள் மட்டும் அடங்குவதல்ல. சென்னையின் துறைமுகங்களை ஆள்பவர்கள், ஆந்திரத்தின் நீர்ப்பாசனத் துறை, தமிழ்நாட்டின் மீன்வளத் துறை, விண்வெளி மையம், பாடு பிரிக்கும் குப்பத்து ஊர்க்கூட்டம், மேற்குக் கரையில் குடியிருக்கும் யானாதிகள் ஆகிய எல்லோரும் ஒரே மேசையில் உட்கார்ந்து, ஒரே வரைபடத்தைப் பார்த்துப் பேச வேண்டிய விஷயம் அது. அடுத்த மழைக்காலத்துக்கு முன் அந்த மேசையில் முதலில் எடுக்க வேண்டிய கேள்வி, சூலூர்பேட்டைச் சாலையில் எந்தெந்த இடத்தில் கரையை உடைத்துத் தண்ணீருக்கு வழிவிடுவது என்பதே.